பார்த்தாச்சிணுங்கி

என் மனைவியின் கை ஐஸ் கட்டி. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. நான் ரொட்டிக்கடைக்காரன், எனக்கும் அலங்காரத்துக்கும் வெகு தூரம். சாயங்காலம் ஆய்வுக்கூடத்திலிருந்து நேரே கடைக்கு வருவாள். நான் அடுப்புக்கு முன்னால் வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருப்பேன். சத்தம் காட்டாமல் பின்பக்கமாக வந்து என் பிடரியில் அந்தக் கையை வைப்பாள். நான் "ஐயோ!" என்று அலறுவேன். ரொட்டி வாங்க நிற்பவர்கள் சிரிப்பார்கள். கல்யாணமான புதிதில் தொடங்கிய கூத்து இது, இன்னும் நடக்கிறது. ஒரு நாளாவது அலறாமல் நின்று அவள் மூக்கை உடைக்க வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். நினைத்ததோடு சரி.

அந்தக் கைக்குக் காரணம் அவள் பார்க்கும் வேலை. பூமியின் உச்சியில் பனி மூடிக் கிடக்கும் கடல் இருக்கிறதல்லவா, அதன் அடிச்சேற்றில் வாழும் கிருமிகளை வளர்த்து, அவை யார் எவர் என்று கண்டுபிடிப்பது அவள் தொழில். கிருமி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "கிருமின்னா நோய் குடுக்கிறது. இதுங்க பாக்டீரியா. யாரையும் ஒன்னும் பண்ணாது, பாவம்" என்பாள். அந்தப் பாவங்களுக்கு நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியே கொதிக்கிற அடுப்பு மாதிரி. வளர்க்கும் தட்டு, எடுக்கும் கம்பி, மூடி, பேனா எல்லாவற்றையும் முதலில் குளிர் அறையில் வைத்துச் சில்லிட வைப்பாள். கடைசியாகத் தன் கையையும் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைத்து, அதற்கு மேல் கையுறை போடுவாள். மனிதச் சூடே அவற்றுக்கு ஆகாதாம்.

பார்க்கப்போனால் நானும் கிருமி வளர்ப்பவன்தான். என் ஈஸ்ட்டுக்குக் கொஞ்சம் சர்க்கரையும் வெதுவெதுப்பும் கொடுத்தால் போதும், டீ குடித்து முடிப்பதற்குள் நுரைத்துக்கொண்டு எழுந்து நிற்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். தெருவில் என் கடைக்குப் பெயர்ப் பலகை ஒன்று உண்டு, ஆனால் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்; 'அவசரக்காரர் கடை' என்றால்தான் தெரியும். என் மனைவிக்கு அவள் ஆய்வுக்கூடத்தில் வைத்த பெயர் 'நிதானம்'. "நிதானம் மேடம் வந்தாச்சா?" என்று அவள் காதுபடவே கேட்பார்கள். அவள் கோபித்துக்கொள்வதும் நிதானமாகத்தான் என்பதால், கேட்டவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அந்தச் சேறு வந்தது ஒரு கப்பலில். அவளைத்தான் முதலில் போகச் சொன்னார்கள். படகில் ஏறினாலே வாந்தி எடுக்கிறவள், குளத்துப் படகில் கூட. அதனால் அவளுடைய சக ஊழியர் ஒருவர் போனார். போய் வந்ததிலிருந்து அவருக்குப் பெயர் 'கப்பல்காரர்'. சிவப்பு அங்கியும் தாடியில் பனியுமாகப் படம் எடுத்துக்கொண்டு வந்து, வருகிறவன் போகிறவன் எல்லாருக்கும் காட்டினார். என் மனைவிக்குக் கிடைத்தது ஒரு நீளக் குழாய் நிறைய கறுத்த சேறு. முழங்கை நீளத்துக்கு வெட்டி வெட்டி உறையப்போட்டு வைத்திருந்தாள். பெண்களுக்குப் பட்டுத் துணி மேல் வருகிற பார்வை அவளுக்கு அந்தச் சேற்றின் மேல் வரும். நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சேற்றில் துளி எடுத்து, உப்புக் கலந்த கூழ்த் தட்டுகளில் தடவி, தன் பழைய குளிர்ப்பெட்டியில் வைத்தாள். தினமும் எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் முளைக்கவில்லை. புதுத் தட்டு, புதுச் சேறு, புது உப்பு, மறுபடி தினமும் பார்த்தாள். தட்டு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆய்வுக்கூடத்து இயக்குநர், அவளுக்கு மேலதிகாரி, நல்ல மனிதர்தான். ஆனால் அவசரத்தில் எனக்கு அண்ணன். அவர் சொல்லிவிட்டார்: "அந்தச் சேத்துல உயிரே இல்லம்மா. விட்டுட்டு வேற வேலை பாருங்க." அவள் "சரி சார்" என்றாள். அவள் 'சரி சார்' என்றால் விடப்போவதில்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் ஆய்வுக்கூடத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். மெதுவாக நடக்கிறவள் எப்படி விழுந்தாள் என்று கேட்டேன். "மெதுவாத்தான் விழுந்தேன்" என்றாள். மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தாள். குளிர்ப்பெட்டியின் சாவி அவள் கைப்பையிலேயே கிடந்தது, அவளுக்கே நினைவில்லை. அங்கேயும் யாரும் தேடவில்லை. உயிரே இல்லாத பெட்டியை எவன் திறப்பான்?

கால் தேறி, கம்பு ஊன்றிக்கொண்டு வேலைக்குப் போன முதல் நாள், கழுவிப் போடலாம் என்று பெட்டியைத் திறந்திருக்கிறாள். தட்டு முழுக்கப் பொட்டுப் பொட்டாக, கடுகில் கால்வாசி இருக்கும், வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் முளைத்து நின்றன. எனக்குப் போன் செய்தாள். "ஏங்க..." என்றாள். அப்புறம் பேச்சே வரவில்லை. மறுபடியும் விழுந்துவிட்டாள் என்று நினைத்து, அடுப்பில் இருந்ததைப் போட்டது போட்டபடி ஓடினேன். போய்ப் பார்த்தால் ஒரு கையில் கம்பும் கண்ணில் தண்ணீருமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

அதன்பிறகு அவள் செய்த காரியம்தான் முக்கியம். வேறு யாராயிருந்தாலும் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் காட்டியிருப்பார்கள். இவள் உட்கார்ந்து யோசித்தாள். அதே சேறு, அதே உப்பு, அதே பெட்டி. அப்போது முளைக்காதது இப்போது ஏன் முளைத்தது? ஒரே ஒரு வித்தியாசம்தான். இந்த முறை யாரும் பார்க்கவில்லை. உடனே இரண்டு தட்டுகள் போட்டாள். ஒன்றைத் தினமும் வெளியே எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தாள். இன்னொன்றைப் பக்கத்துப் பெட்டியில் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள். பார்த்தது செத்தது, பார்க்காதது பிழைத்தது. பார்வையில் ஒன்றும் இல்லை. பார்ப்பதற்காக வெளியே எடுக்கிறோமே, அந்த அறையின் சூடும், விளக்கின் சூடும், விரலின் சூடும்தான் அதைக் கொன்றது. கொஞ்சம் வளர, பாதி வேக, மறுபடி வளரப் பார்க்க, மறுபடி வேக என்று அது பாவம் செத்தேவிட்டது.

"தொட்டாச்சிணுங்கி கேள்விப்பட்டிருக்கேன். இது பார்த்தாச்சிணுங்கியால்ல இருக்கு" என்றேன். அவள் சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு அதுதான் பெயர். வெளியூரில் படிக்கும் எங்கள் மகளுக்குச் சொன்னோம். அவள் அதைத் தன் தங்கை ஆக்கிவிட்டாள். போன் எடுத்தால் முதல் கேள்வியே, "அப்பா, தங்கச்சி எப்படி இருக்கா?" என்பதுதான். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பது மூன்றாவதோ நாலாவதோதான்.

முளைத்துவிட்டால் போதாது. இது ஏற்கெனவே தெரிந்த ஆளா, புது ஆளா என்று பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் என் மனைவி என்னைக் கல்யாணத் தரகர் ஆக்கினாள். அவள் சொன்ன அறிவியல் எதுவும் எனக்கு ஏறவில்லை, ஆனால் உறவுமுறையில் சொன்னதும் ஏறிவிட்டது. முதலில் ஆளின் அங்க அடையாளம்: குச்சி மாதிரி உடம்பு, சாயம் ஏற்றினால் ஊதா நிற்காமல் இளஞ்சிவப்பு ஆகும். அப்புறம் பழக்கவழக்கம்: எந்தச் சர்க்கரை பிடிக்கும், எவ்வளவு உப்புத் தாங்கும், எந்தச் சூட்டுக்கு மேல் உயிரை விடும், உடம்புச் சுவரில் என்ன கொழுப்பு. கடைசியில் குலம் கோத்திரம்: உள்ளே இருக்கும் மரபு எழுத்துகளைப் படித்து, உலகத்தில் இதுவரை படித்து வைத்த எல்லாரோடும் ஒப்பிட வேண்டும்.

"ஒரே வீட்டுப் பிள்ளைன்னா எழுத்து கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போகும். பங்காளின்னா கொஞ்சம் விலகும். தூரத்துச் சொந்தம்னா நல்லா விலகும்" என்றாள்.

"நம்மாளு?"

"சின்னப் பகுதியை மட்டும் பார்த்தா ஒரே வீடுன்னு சொல்லுது. முழுசா படிச்சாத்தான் தெரியும்."

முழுசாகப் படித்து வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் வழக்கம்போல் சாப்பாட்டை எண்ணி எண்ணிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முடிவு வந்தபோது, ஒரே வீடு என்று நினைத்தது பங்காளி என்று ஆனது. குடும்பப் பெயர் ஒன்று, வீடு வேறு. அதாவது புது இனம். உலகத்தில் யாரும் அதுவரை பெயர் வைக்காத ஓர் உயிர்.

என் மனைவி இந்த வேலைக்கு வந்து தலை நரைத்துவிட்டது. அவளோடு சேர்ந்தவர்கள், அவளுக்குப் பின்னால் வந்தவர்கள், கப்பல்காரர் உட்பட, ஆளுக்கு ஒன்றிரண்டு இனம் கண்டுபிடித்துப் பெயர் வைத்துவிட்டார்கள். இவள் பெயர் எல்லாருடைய கட்டுரையிலும் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில் வரும். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் புது இனம் என்று தெரிந்த அன்று, "எனக்கும் ஒன்னு கிடைச்சுடுச்சுங்க" என்றாள். அப்படி ஓர் ஆசை உள்ளே இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்து என்ன பிரயோஜனம் என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஆய்வுக்கூடத்தில் சேதி பரவியதும் இயக்குநர் தினமும் தேடி வந்து பெயர் விஷயம் பேசினார். அவர் ஓய்வு பெறப்போகிற நேரம். "என் பேரெல்லாம் வைக்காதீங்கம்மா, கூச்சமா இருக்கும்" என்றாராம். இவள் "சரி சார்" என்றிருக்கிறாள். மறுநாள், "மூத்தவங்க பேரை வைக்கிறது வழக்கம்தான். இருந்தாலும் என் பேரு வேண்டாம்" என்றார். "சரி சார்." அதற்கும் மறுநாள், "நீங்க வச்சே தீருவேன்னா நான் என்ன சொல்ல முடியும்" என்றார். இவள், "இல்ல சார், நீங்க வேண்டாம்னீங்களே" என்றாள். அந்த மனிதர் முகத்தில் அசடு வழிந்திருக்கும். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் மரியாதை இல்லையாம். கட்டின புருஷன் பெயரை வைக்கலாமா என்று நானும் போகிற போக்கில் கேட்டு வைத்தேன். "உயிரோட இருக்கான்னு முதல்ல உறுதியாகட்டும். அப்புறம் பேரு" என்றாள்.

அதில்தான் சிக்கல் வந்தது. ஒரு புது இனத்தின் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால், அதன் உயிருள்ள மாதிரியை இரண்டு நாடுகளில் உள்ள இரண்டு வங்கிகளில் கொடுத்து வைக்க வேண்டும். வங்கி என்றால் கிருமி வங்கி. அவர்கள் வளர்த்துப் பார்த்து, "ஆமாம், உயிரோடு இருக்கிறது" என்று சான்று தர வேண்டும். உள்நாட்டு வங்கி தந்துவிட்டது. அங்கே இருந்தவர் இவளிடம் படித்தவர், சொன்னபடி கேட்டார். கடல் தாண்டி இருக்கும் வங்கிக்கு இரண்டு குப்பிகளை உறைந்தபடியே அனுப்பியிருந்தாள். ஒரு குப்பியைத் திறந்து வளர்த்துப் பார்த்துவிட்டு அங்கிருந்து பதில் வந்தது: வளர்ச்சி இல்லை.

இதற்குள் வேறொரு கண்டத்தில் ஒரு குழு இதே மாதிரி ஒன்றைக் கண்டதாகத் தகவல் போட்டிருந்தது. இரண்டு சான்றும் கட்டுரையுமாக யார் முந்துகிறார்களோ அவர்கள் வைப்பதுதான் பெயர். பிந்துகிறவர் கண்டது அந்த இனத்தில் இன்னொரு ஆள், அவ்வளவுதான். புதிதாகக் குப்பி தயாரித்து அனுப்பலாம் என்றால், இங்கே ஆய்வுக்கூடத்தில் இருந்த தட்டுகளை நம் இயக்குநர் ஆசை ஆசையாக எடுத்து வருகிற விருந்தாளிக்கெல்லாம் காட்டி, அத்தனையையும் கொன்றிருந்தார். உள்நாட்டு வங்கியில் இருப்பதை வாங்கி மறுபடி வளர்த்து அனுப்ப மாதங்கள் ஆகும். அந்த வெளிநாட்டு வங்கியில் மீதி இருந்த ஒரே குப்பிதான் கதி.

வங்கிக்காரரோடு அவள் பேசியது என் கடையின் பின்னறையில் வைத்து. மாவு மூட்டை மேல் கணினியை வைத்துப் பேசினாள். நான் மாவு பிசைகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். அந்த முனையில் வழுக்கைத் தலையும் வெள்ளை அங்கியுமாக ஒரு சாது மனிதர். அவர்கள் பேசியது வேறு மொழி. அது என் காதில் விழுந்தபடி நம் பேச்சில் சொல்கிறேன்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தீங்க சார்?"

"தினமும் மேடம். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. உங்களதாச்சேன்னு கூடுதல் அக்கறை எடுத்தோம்."

"நான் குறிப்புல எழுதியிருந்தேனே, பார்க்கக் கூடாதுன்னு."

"எழுத்துப்பிழைன்னு நினைச்சுட்டோம் மேடம்" என்றார் அவர், மெய்யாகவே வருத்தப்பட்டு. "பார்க்க மறக்கக் கூடாதுன்னு எழுத வந்திருப்பீங்கன்னு எடுத்துக்கிட்டோம்."

நான் சிரிப்பை அடக்க மாவில் முகத்தைப் புதைக்காத குறை. ஆனால் என் மனைவி சிரிக்கவில்லை. அவள் முகம் சிவந்தது. அவள் வேகமாகப் பேசி நான் கேட்டது வாழ்க்கையிலேயே அன்று ஒரு முறைதான். தட்டைச் சில்லிட வைக்காமல் தடவினீர்களா, கம்பியைச் சூடாறவிட்டீர்களா, கையைத் தண்ணீரில் முக்கினீர்களா என்று மூச்சு விடாமல் கேட்டாள். கடைசியில், "சார், உங்க கையில இருக்கிறது கடைசிக் குப்பி. அது போச்சுன்னா எனக்கு வேற வழி இல்ல. தயவுசெஞ்சு அதைப் பூட்டி வையுங்க. பூட்டிச் சாவியை எனக்கு அனுப்பிடுங்க" என்றாள்.

கோபத்தில் சொன்ன வார்த்தை. வங்கிக்காரர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு, "அது நல்ல யோசனை மேடம். ஏன்னா என்னால பார்க்காம இருக்க முடியாது. முப்பது வருஷப் பழக்கம்" என்றார்.

சொன்னபடியே செய்தார். அவள் சொன்ன முறைப்படி கடைசிக் குப்பியைத் தட்டில் தடவி, ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பெட்டியைக் குளிரில் வைத்தார். பஞ்சு சுற்றிய ஓர் உறையில் கட்டைவிரல் நகம் அளவு சாவி வந்து சேர்ந்தது. கூட ஒரு துண்டுச் சீட்டு: "மாற்றுச் சாவி கிடையாது. என்னை நான் நம்பவில்லை." கடல் தாண்டி இருந்த அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

வீட்டில் வைத்தால் தொலைந்துவிடும் என்று சாவியைக் கடையில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணியடித்து மாட்டினாள். நல்ல இடம் பார்த்தாள்! ஆயிரம் தடவை அந்தப் பக்கம் போகிறவன் நான். ஒவ்வொரு தடவையும் அது என்னைப் பார்த்துக் கண் சிமிட்டும். "அனுப்பிடலாமா?" என்று கேட்பேன். "இன்னும் இல்ல." மறுநாள், "இப்ப?" "இன்னும் இல்லைங்க." மகள் போனில், "அப்பா, தங்கச்சியைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றாள். குட்டி போட்ட பூனை மாதிரி அடுப்புக்கும் ஆணிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அங்கே அந்த இன்னொரு குழு என்ன செய்கிறதோ, எழுதி முடித்துவிட்டார்களோ என்று எனக்குப் பயம். அவளுக்கும் பயம்தான். சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் வாயைத் திறந்தால் 'இன்னும் இல்ல'தான்.

ஒரு மத்தியானம் இயக்குநர் கடைக்கு வந்தார். அவர் ரொட்டி வாங்க வரவில்லை என்பது அவர் ரொட்டியைப் பாராட்டிய விதத்திலேயே தெரிந்தது. வாங்க, உட்காருங்க என்றேன். உட்காரவில்லை.

"நீங்க சொன்னா கேப்பாங்க. அந்தப் பக்கம் அவங்க கட்டுரையை அனுப்பப் போறாங்கன்னு எனக்குச் சேதி வந்திருக்கு. இன்னும் காத்திருந்தா எல்லாம் போச்சு. இத்தனை நாள்ல முளைச்சிருக்கும் சார், கண்டிப்பா முளைச்சிருக்கும்."

"அவகிட்டயே சொல்லுங்களேன்."

"சொன்னேனே. 'சரி சார்'னாங்க."

அந்த 'சரி சார்' அவருக்கும் இப்போது புரியத் தொடங்கியிருந்தது. குரலைத் தாழ்த்தினார். "சாவியை நீங்களே அனுப்பிடுங்க. அவங்க சார்புல அனுப்பின மாதிரி. முடிஞ்சப்புறம் சந்தோஷம்தானே படுவாங்க? பேரு விஷயத்துலகூட உங்க பேரை ஒரு பக்கம் யோசிக்கச் சொல்றேன்."

சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், என் கண் ஆணிக்குப் போனது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுக்காகத்தானே? எனக்குத்தான் காத்திருக்கத் தெரியாது, அது ஊருக்கே தெரியும். ஒரு ரொட்டிக்கடைக்காரன் பெயரில் துருவக் கடலில் ஓர் உயிர் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுகூட மனசு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

நான் யோசிப்பதைப் பார்த்து அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சும்மா நிற்கத் தெரியாத மனிதர், சுற்றும் முற்றும் பார்த்தார். "உள்ள என்ன வேகுது? நல்ல வாசனை" என்றபடி அடுப்புக் கதவின் பிடியில் கையை வைத்தார்.

"திறக்காதீங்க!" என்று நான் கத்துவதற்குள் திறந்து, தலையை நீட்டி, பார்த்து, மூடியும்விட்டார். உள்ளே இருந்தது ஒரு பிறந்தநாள் கேக். எழும்பி முக்கால் பதத்தில் நின்றிருந்தது. மறுபடி நான் திறந்தபோது நடுவில் குழி விழுந்து, யாரோ உட்கார்ந்து எழுந்த மெத்தை மாதிரி கிடந்தது.

"நான் சும்மா பார்க்கத்தானே செஞ்சேன்?" என்றார் பாவமாக.

"அதைத்தான் சார் அவளும் சொல்றா" என்றேன்.

எனக்கே அப்போதுதான் உறைத்தது. இந்த அடுப்புக் கதவை நேரத்துக்கு முன்னால் தொட்டவர்களை நான் திட்டாத திட்டு இல்லை. என் அவசரமெல்லாம் அடுப்புக்கு வெளியேதான். அடுப்புக்குள் இருப்பதை அதன் போக்கில் விட எனக்கும் தெரியும். அவள் தொழிலுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதையைத் தரவில்லை? குழிவிழுந்த கேக்கைப் பெட்டியில் போட்டு அவர் கையில் கொடுத்து, "வீட்டுக்குக் கொண்டுபோங்க, ருசி குறையாது" என்று அனுப்பிவைத்தேன். வாங்கிக்கொண்டு போனார். நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேனே. அன்று சாயங்காலம் அவள் வந்ததும், "இப்ப அனுப்பலாமா?" என்று நான் கேட்கவில்லை. அதைக் கவனித்து, உடம்பு சரியில்லையா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கையால்.

பிறகொரு நாள் அவளாகவே வந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். "போதும்" என்றாள். வந்த அதே பஞ்சில் சுற்றி, அதே துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில், 'ஒரே ஒரு முறை பாருங்கள்' என்று எழுதி அனுப்பினாள். கூப்பிட்டால் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில், ஒரு கிருமியைப் பார்க்கச் சாவி கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. காலி ஆணியைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பதில் வந்த நாள் கடையில் கூட்டம் இல்லை. அடுப்பில் கடைசி வரிசை ரொட்டி. அவள் வேலை முடிந்து வந்து எனக்குப் பின்னால், மாவு மேசைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கைபேசி ஒரு முறை முனகியது.

"என்ன? அவரா? என்ன சொல்றார்?" என்று நான் திரும்பப் போனேன்.

"திரும்பாதீங்க."

"ஏன்? முளைக்கலையா?"

"கொஞ்ச நேரம் என்னைப் பார்க்காம இருங்களேன்."

நின்றேன். முகம் அடுப்பைப் பார்த்து, கை இரண்டும் மேசையைப் பிடித்தபடி. பின்னால் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. அழுகை என்றால் எந்த அழுகை என்றும் தெரியவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் எதற்கும் சும்மா நின்றதில்லை.

"படம் அனுப்பியிருக்கார். தட்டு முழுக்க இருக்குங்க. ஆரஞ்சு ஆரஞ்சா. அந்தக் குழு இன்னும் அனுப்பலையாம், நம்ம கட்டுரைதான் முதல்ல போகும்" என்றாள்.

"அப்புறம் என்ன! பேரு?"

"வச்சுட்டேன். முன்பாதி அதோட குடும்பப் பேரு. பின்பாதி 'புடிகா'. லத்தீன்ல கூச்சப்படுறவள்னு அர்த்தம். தொட்டாச்சிணுங்கிச் செடிக்கும் அதுதான் பேரு." மறுபடி மூக்கை உறிஞ்சினாள். "பார்த்தாச்சிணுங்கிக்கு லத்தீன்ல வார்த்தை இல்லை. இருந்திருந்தா நீங்க வச்ச பேரையே அப்படியே வச்சிருப்பேன்."

திரும்ப வேண்டும் போலிருந்தது. திரும்பவில்லை. அப்போது அந்தக் கை வந்து என் பிடரியில் விழுந்தது. சுத்தமான ஐஸ். நான் அலறவில்லை. அடுப்பிலிருந்து ரொட்டி கருகும் வாசனை வந்தது. அதையும் திறந்து பார்க்காமல் அப்படியே நின்றேன்.